உளுந்தின் வேர்முடிச்சும் தப்பிப் பெய்த மழையும்

மாசி மாதம் மன்னார்குடிப் பக்கம் போனால், நெல் அறுத்த வயல்களில் உளுந்து நிற்பதைப் பார்க்கலாம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெற்பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் புதையாமல் தடம் மட்டும் விழுகிற பதம். அதற்கு அப்புறம் உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் விடியற்காலைப் பனியையும் வைத்தே எழுபது, எழுபத்தைந்து நாளில் உளுந்து விளைந்துவிடும். அப்படியென்றால் அதற்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எங்கிருந்து வருகிறது?

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும். வெறுமனே இழுக்கக் கூடாது, முடிச்சுகள் மண்ணோடு அறுந்துபோகும். மண்கட்டியோடு பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மெல்ல அலச வேண்டும். வேரெங்கும் கடுகும் மிளகுமாக உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, ரத்தத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி. அந்தச் சிவப்பு இருக்கும்வரை முடிச்சு வேலை செய்துகொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தை கடைசியில் பருவம் தப்பிப் பெய்த ஒரு மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு வயலில் இறங்கினேன். மூன்று நாள் தேங்கிய தண்ணீர் வடிந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. இருபத்தைந்து நாள் பயிர். செடிகள் சாகவில்லை, இலை மட்டும் வெளுத்திருந்தது. நிலத்துக்காரர் ஒரு செடியைப் பெயர்த்து அலசிக் கையில் கொடுத்தார். கீறினால் சாம்பல் கலந்த பச்சை. சில முடிச்சுகள் விரல் பட்டதுமே நசுங்கின. "செடி உசிரோடதான் இருக்கு தம்பி, சாப்பாடு நின்னுபோச்சு" என்றார்.

காலநிலை மாற்றம் பயிரை என்ன செய்யும் என்று பேசும்போது வெயிலில் கருகுவதையும் வெள்ளத்தில் அழுகுவதையும்தான் பேசுகிறோம். அந்த உளுந்து கருகவும் இல்லை, அழுகவும் இல்லை. செடிக்கும் அதன் வேரில் குடியிருந்த நுண்ணுயிருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் நின்றிருந்தது. செடி தாங்கிய மழையை அந்த உறவு தாங்கவில்லை. ஒரு பயிர் எவ்வளவு வெயில் தாங்கும், எத்தனை நாள் வறட்சி தாங்கும் என்று நாம் கேட்கிற கேள்விகளுக்கு விடை செடிக்குள் மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது அந்த வயலில்தான்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனாலும் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒன்றையொன்று மூன்று பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி சில நுண்ணுயிர்களிடம் மட்டுமே உண்டு. பயறு வகைகளின் வேரில் தங்கும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அப்படிப்பட்டவை. 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர், பயறுச் செடிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பது இந்த முடிச்சுகள் வழியாகத்தான் என்று காட்டினார்கள். 1888-இல் நெதர்லாந்தின் பெயரின்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

இந்த நொதிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி செலவாகும். உயிரணுக்கள் ஆற்றலைச் சுமந்து செலவழிக்கும் மூலக்கூறுதான் ஏடிபி. அவ்வளவு ஆற்றலைத் திரட்டப் பாக்டீரியா மூச்சுவிட வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். வேண்டும், ஆனால் படக் கூடாது. இதற்குச் செடி கண்டுபிடித்த வழி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காதது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் ஒன்றைச் செடியே தயாரித்து முடிச்சுக்குள் நிரப்பிவிடுகிறது. லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கும். நகத்தால் கீறியபோது தெரிந்த சிவப்பு அதுதான்.

இப்போது மழையைச் சேர்த்துப் பாருங்கள். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வயலில் தண்ணீர் தேங்கியதும் மண்ணின் துளைகளில் இருந்த காற்று போய்விடுகிறது. முடிச்சு மூச்சுத் திணறுகிறது, நைட்ரஜன் பிடிப்பது நிற்கிறது, லெக்ஹீமோகுளோபின் சிதைந்து பச்சையாகிறது. நான் பார்த்த பச்சை அதன் மிச்சம். ஒரு தனி மழையைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது ஏந்தக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல். பெய்யும்போது கொட்டித் தீர்க்கிற மழை கூடுவதற்கு அதுவே அடிப்படை. அறுவடைக்குக் காத்திருக்கும் நெல்லோடு முளைத்து வரும் உளுந்தும் சேர்ந்து தண்ணீரில் நிற்கும் காட்சியை 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் டெல்டா பார்த்தது.

எல்லாப் பயறு இனங்களும் இப்படித் திணறுவதில்லை. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் மணிலா அகத்தி, தண்டிலேயே முடிச்சு வைக்கும் செடி. வேர் தண்ணீருக்குள் மூழ்கினாலும் தண்டு முடிச்சுகள் மேலே காற்றில் இருக்கும். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் நிலங்கள். தன் மண்ணுக்கு ஏற்றபடி உறவை மாடியில் குடிவைத்துக்கொண்ட செடி அது. உளுந்து பழகியது வடிந்த மண்ணுக்கு.

இந்த உறவை நட்பு என்று சொல்லலாம், ஆனால் கணக்குப் பார்க்கிற நட்பு. பாக்டீரியா நைட்ரஜனைக் கொடுக்கிறது. செடி ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையிலிருந்து அதற்குத் தீனி போடுகிறது. வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பாக்டீரியாவை என்ன செய்யும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டோபி கியர்ஸும் சகாக்களும் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். சோயா வேர்களின் சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியா எவ்வளவு முயன்றாலும் கொடுக்க ஒன்றும் இல்லை என்ற நிலை. செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது. உள்ளே இருந்த பாக்டீரியாக்கள் மற்ற முடிச்சுகளில் பெருகியதில் பாதி அளவுதான் பெருகின. மூளையில்லாத ஒரு செடி, எந்தக் குடித்தனக்காரர் வாடகை கொடுக்கவில்லை என்று முடிச்சுவாரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது.

பூஞ்சைகளோடும் இதே மாதிரி ஓர் உடன்படிக்கை உண்டு. வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் என்றும் உழவர்கள் சுருக்கமாக வேம் என்றும் சொல்வது அதைத்தான். நிலத்தாவர இனங்களில் பத்துக்கு ஏழு இந்தப் பூஞ்சைகளோடு சேர்ந்தே வாழ்கின்றன. வேர்மயிர் எட்டாத இடுக்குகளுக்கெல்லாம் பூஞ்சை இழை போய் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தண்ணீரையும் கொண்டுவரும். பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைகளில், 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளின் திசுக்களுக்குள் இந்தப் பூஞ்சைகள் கல்லாகிக் கிடக்கின்றன. உண்மையான வேர்கள் உருவாவதற்கு முன்பே இந்தக் கூட்டு இருந்திருக்கிறது. உலகத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து வேர்ப்பூஞ்சைகளுக்கு ஒப்படைக்கும் கார்பனை 2023-இல் ஓர் ஆய்வுக்குழு கணக்கிட்டது: ஆண்டுக்குச் சுமார் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணை. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாம் எரித்து மனிதர்கள் வெளியிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அத்தனையும் நிரந்தரமாக மண்ணில் தங்கிவிடுவதில்லை, ஒரு பகுதி சீக்கிரமே திரும்பி வந்துவிடும். ஆனாலும் இந்த வரவுசெலவு எவ்வளவு பெரியது என்பது அதில் தெரிகிறது.

சரி, இதில் கரியமில வாயு கூடினால் என்ன ஆகும்? செடி சர்க்கரை செய்வதற்கான மூலப்பொருளே அதுதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மூலப்பொருள் கூடினால் விளைச்சல் கூடும், நுண்ணுயிருக்கும் கூலி கூடும், எல்லாரும் வாழலாம் என்றுதான் முதலில் தோன்றும். "காற்றே உரம் போடுகிறது" என்று இன்றைக்கும் சிலர் வாதிடுகிறார்கள்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் இதைத் திறந்த வெளியிலேயே சோதித்தார்கள். மரங்களைச் சுற்றிக் குழாய்கள் நட்டு, ஆண்டுக்கணக்கில் கூடுதல் கரியமில வாயுவை ஊதி, காற்றில் அதன் அளவை 550 பங்கு வாக்கில் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. 2001 முதல் 2003 வரை, சாதாரணக் காற்றில் நின்ற மரங்களைவிட வளர்ச்சி 24 சதவீதம் அதிகம். 2008-இல் அது 9 சதவீதமாக இறங்கிவிட்டது. சர்க்கரை இருந்தது, மண்ணில் நைட்ரஜன் கைகொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே வயதான யூகலிப்டஸ் காட்டில் செய்த சோதனை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அது மணிச்சத்துக்கு ஏங்கும் ஏழை மண். கூடுதல் கரியமில வாயுவில் மரங்கள் 12 சதவீதம் அதிகக் கார்பனை உள்ளே இழுத்தன. ஆனால் மரம் பருக்கவில்லை. அந்தக் கார்பன் எங்கே போனது என்று தேடியபோது, பெரும்பகுதி மூச்சாக வெளியேறியிருந்தது; அதில் மண்ணிலிருந்து வெளியேறியது மட்டுமே கூடுதலில் பாதி. இலையில் செய்த சர்க்கரை மரமாக மாறாமல் கீழே இறங்கி, நுண்ணுயிர்கள் வழியாக மறுபடியும் காற்றுக்கே போய்விட்டது. 2020-இல் வெளியான முடிவு இது. மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

எல்லாக் காடும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. பைன், ஓக் போன்ற மரங்கள் வேருக்கு வெளியே உறைபோல் படரும் வேறு வகைப் பூஞ்சையோடு வாழ்பவை. அந்தப் பூஞ்சை மக்கிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்து எடுத்துக் கொடுக்கும் திறமை உள்ளது. 2016-இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கூட்டாளி உள்ள செடிகள் நைட்ரஜன் குறைந்த மண்ணிலும் கூடுதல் கரியமில வாயுவால் சுமார் 30 சதவீதம் வளர்ச்சி பெற்றன. உட்பூசணத்தை மட்டும் நம்பிய செடிகள் அப்படிப்பட்ட மண்ணில் பெறவில்லை. ஒரே காற்றுதான். வேரில் யார் துணை என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

இது நம் சோற்றுத் தட்டுவரை வருகிற விஷயம். சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் வகைகளைக் கூடுதல் கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்தார்கள். அரிசியில் புரதம் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. இரும்புச்சத்தும் துத்தநாகமும் குறைந்தன. 2018-இல் வெளியான ஆய்வு. இதற்குக் காரணங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. மாவுச்சத்து கூடும் அளவுக்கு நைட்ரஜன் கூடவில்லை என்பது அதில் பெரிய காரணம். இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு வந்த இன்னோர் ஆய்வில் கோதுமையிலும் புரதம் குறைந்திருந்தது, ஆனால் பட்டாணியிலும் சோயாவிலும் புரதம் அவ்வளவாகக் குறையவில்லை. அவற்றுக்கு வேரிலேயே நைட்ரஜன் தொழிற்சாலை இருக்கிறது. சர்க்கரை கூடினால் அதற்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்து உற்பத்தியைப் பெருக்கிக்கொள்ள முடியும். இரும்பும் துத்தநாகமும் அவற்றிலும் குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இட்லி மாவில் அரிசியோடு உளுந்தும் சேர்கிற வீடுகளுக்கு இந்த ஆய்வுகளின் அருமை தனியாகச் சொல்லாமலே புரியும்.

ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு ஈரம் வேண்டும். சோயாவில் வறட்சி தொடங்கும்போது ஒளிச்சேர்க்கை குறைவதற்கு முன்பே முடிச்சுகள் நைட்ரஜன் பிடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் எட்டு ஆண்டு நடந்த திறந்தவெளிச் சோதனையில், கூடுதல் கரியமில வாயுவால் சோயாவுக்குக் கிடைக்க வேண்டிய விளைச்சல் ஆதாயம், வறட்சி கடுமையாக இருந்த ஆண்டுகளில் இல்லாமலே போனது. ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பறித்துக்கொள்கிறது.

நெல் வயலில் இன்னொரு சங்கதி. நெல்லின் வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று வாழ்பவை நல்ல நுண்ணுயிர்கள் மட்டும் இல்லை. தண்ணீர் நிற்கும் சேற்றில், காற்றில்லாத இடத்தில், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் கடைசியில் அதைத்தான் நம்பியிருக்கின்றன. தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியாக அந்த வாயு புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே வந்துவிடும். கரியமில வாயு கூடினால் வேர்க் கசிவு கூடும், கசிவு கூடினால் மீத்தேன் கூடும், மீத்தேன் பூமியை இன்னும் சூடாக்கும். காயவிட்டுப் பாய்ச்சுகிற முறை தண்ணீரை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை. மண்ணுக்குள் காற்றுப் போனால் இந்தச் சங்கிலி அறுகிறது.

சூட்டைப் பற்றி. பெரும்பாலான ரைசோபியம் வகைகளுக்குப் பிடித்த வெப்பம் 28 முதல் 31 டிகிரி. 37 டிகிரியில் வளரவே முடியாதவை அவற்றில் நிறைய. சித்திரை வெயிலில் நம் மானாவாரி நிலத்தின் மேல்மண்ணில் வெறுங்காலை வைக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த விதைப்புவரை அந்த மண்ணில் பாக்டீரியா எப்படித் தாக்குப்பிடிக்கிறது? சற்று ஆழத்தில், மண்கட்டிகளின் உள்துளைகளில், மக்கிய வேர்த் துணுக்குகளின் நிழலில். மக்குக் குறைந்து, மூடாக்கும் இல்லாமல் வெந்துகிடக்கிற மண்ணில் இந்த ஒதுங்கிடங்கள் குறைகின்றன.

நண்பர்கள் ஒடுங்கும் சூட்டில் எதிரிகள் தழைப்பார்கள் என்பதுதான் இதில் எனக்கு அதிகக் கவலை தருவது. உளுந்து, கடலை, எள் எல்லாவற்றையும் தாக்கும் வேரழுகல் பூஞ்சை ஒன்று உண்டு. வறண்ட மண்ணும் 30-ஐத் தாண்டிய வெப்பமும் அதற்குக் கொண்டாட்டம். செடி திடீரென்று வாடும். இழுத்தால் வேர் பட்டையோடு கழன்று வரும், உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஹைதராபாத் அருகே உள்ள பன்னாட்டு மித வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆய்வு நிறுவனம், கொண்டைக்கடலையில் உலர் வேரழுகல் பெருகுவதை வெப்பத்தோடும் மண் ஈரக் குறைவோடும் தொடர்புபடுத்திப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. உலகம் முழுதும் மண் மாதிரிகளை எடுத்து 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும், வெப்பம் கூடக்கூட மண்ணில் பயிர்நோய்ப் பூஞ்சைகளின் பங்கு கூடும் என்றே சொல்கிறது.

சூடான மண்ணின் கதையை நீண்டகாலம் பார்த்தவர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஹார்வர்ட் காட்டு ஆய்வாளர்கள். 1991-இல் மண்ணுக்குள் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றியுள்ள மண்ணைவிட 5 டிகிரி அதிகமாகவே வைத்திருக்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று கரியமில வாயுவை வெளியிட்டன. பிறகு அடங்கின, சுலபமான தீனி தீர்ந்தது, கதை முடிந்தது என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த அமைதியான காலத்தில் மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொரு சுற்று இழப்பு தொடங்கியது. 26 ஆண்டுக் கணக்கை 2017-இல் பார்த்தபோது, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணிலிருந்த கார்பனில் 17 சதவீதம் போயிருந்தது. நிலத்தின் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் காற்றில் இருப்பதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது என்பதை நினைத்தால் இந்த 17 சின்ன எண் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய கொதிக்கும் மண்ணில் ஒரு புல் வளர்கிறது. அந்தப் புல்லைத் தனியே வளர்த்தால் 40 டிகிரியைக்கூடத் தாங்காது. அதற்குள் வாழும் பூஞ்சையும் தனியே அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தால் 65 டிகிரி மண்ணில் நிற்கின்றன. இதிலும் ஒரு திருப்பம்: 2007-இல் லூயிஸ் மார்க்கெஸும் சகாக்களும் அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டார்கள். வைரஸை நீக்கினால் பூஞ்சை இருந்தும் பயனில்லை. புல், பூஞ்சை, வைரஸ் மூன்றும் கைகோத்தால்தான் அந்தச் சூடு தாங்கும். வைரஸ் உள்ள அந்தப் பூஞ்சையைத் தக்காளிக்குக் கொடுத்தபோது அதற்கும் வெப்பம் தாங்கும் திறன் கூடியது.

வறட்சியிலும் இப்படி ஒரு கூட்டணி மாற்றம் நடக்கிறது. கலிபோர்னியாவில் சோளப் பயிருக்குப் பூக்கும் முன் தண்ணீரை நிறுத்திவிட்டு, வாராவாரம் வேரின் நுண்ணுயிர்களைக் கணக்கெடுத்தார்கள். வழக்கமான கூட்டம் ஒதுங்கி, தடித்த செல்சுவர் உள்ள பாக்டீரியாக்கள் வேரில் குவிந்தன. ஸ்ட்ரெப்டோமைசஸ் அவற்றில் முன்னணி. மறுபடி தண்ணீர் விட்டதும் பழைய கூட்டம் விரைவாகத் திரும்பியது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் செய்கிற பாக்டீரியாக் குடும்பமும் இதே ஸ்ட்ரெப்டோமைசஸ்தான். காய்ந்த காலத்தைத் தாண்டி உயிரோடு இருந்தவர்களின் வாசனை அது.

மிச்சிகனில் ஜெனிஃபர் லாவும் ஜே லெனனும் கடுகு இனச் செடி ஒன்றை வறண்ட மண்ணிலும் ஈர மண்ணிலும் சில தலைமுறைகள் வளர்த்தார்கள். வறட்சிக்குப் பழகியது செடியா, மண்ணா என்பது கேள்வி. 2012-இல் வந்த விடை: செடியின் சொந்தப் பரிணாமம் பெரிதாக உதவவில்லை. ஏற்கெனவே வறட்சி கண்ட மண்ணின் நுண்ணுயிர்களோடு சேர்ந்த செடிகள்தான் வறட்சியில் நன்றாகக் காய்த்தன. நுண்ணுயிருக்குத் தலைமுறை என்பது மணிக்கணக்கு, நாள்கணக்கு. செடிக்கு ஒரு பருவம். அதனால் மாறுகிற வானத்துக்கு முதலில் பழகிக்கொள்வது மண்தான்.

காய்வதும் நனைவதும் பற்றி நம்மிடம் பழைய அறிவு ஒன்று இருக்கிறது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஊரில் சொல்வதும் அதையொட்டித்தான். கென்யாவில் வேலை பார்த்த எச். எஃப். பர்ச் என்ற மண்ணியலாளர் 1958-இல் இதன் ஒரு பக்கத்தை அளந்து காட்டினார். காய்ந்த மண் நனைந்ததும் சில நாளைக்கு நுண்ணுயிர்கள் வேகமெடுக்கின்றன. கரியமில வாயு குபீரென்று எழுகிறது, கூடவே தழைச்சத்தும் விடுபடுகிறது. பர்ச் விளைவு என்று இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அந்தத் தங்கம் பயிருக்குக் கிடைக்க வேண்டுமானால், விடுபடும் நேரத்தில் வாங்கிக்கொள்ள வேர் இருக்க வேண்டும். கோடை உழவு, முதல் மழை, ஆடிப்பட்டம் என்ற வரிசை அந்த நேரத்தைப் பொருத்தி வைத்திருந்தது. இப்போது சித்திரையில் இரண்டு முறை கொட்டிவிட்டு, விதைக்கிற சமயத்தில் இருபது நாள் காய்கிறது. ஒவ்வொரு முறை நனையும்போதும் மண் தன் கையிருப்பை அவிழ்க்கிறது. எடுக்க ஆளில்லாத சத்து கீழே கசிந்தோ காற்றில் கலந்தோ போகிறது. புழுதியின் பலனை மழையின் நேரம் தின்றுவிடுகிறது.

மரங்களின் சிக்கல் வேறு. வெப்பம் கூடினால் காடு மெல்ல மலையேறும், வடக்கே நகரும் என்கிறார்கள். விதை பறவையோடும் காற்றோடும் போய்விடும். துணைப் பூஞ்சை கூடவே போகுமா? 1950-களில் போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் கன்றுகளை நட்டபோது அவை மஞ்சளாகிக் குன்றிப்போயின. வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் தழைத்தன. அந்தத் தீவின் மண்ணில் பைனுக்குப் பழக்கமான பூஞ்சை இல்லை. புது உயரத்துக்கு முதலில் போய்ச் சேரும் கன்றுகளுக்கும் அதே தனிமை காத்திருக்கலாம். காட்டு மரங்கள் பூஞ்சை வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் குட்டி மரத்துக்கு ஊட்டுகிறது என்று பரவலாக எழுதப்படுவதை நான் இங்கே சேர்க்கவில்லை. 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் அந்தச் சான்றுகளை அலசி, காட்டுவெளியில் அவை போதாது என்று காட்டினார்கள். நிரூபணமானவையே போதுமான அளவுக்கு வியப்பாக இருக்கின்றன.

இனி வயலுக்கு. நுண்ணுயிரை நாமே கொடுத்துவிட்டால்? வேளாண் விரிவாக்க மையங்களில் ரைசோபியம் 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. முறையாகச் செய்தால் பலன் உண்டு. ஆனால் பொட்டலத்தில் இருப்பது உயிர். ஒரு முறை நான் வாங்கிய பொட்டலம், கடை வாசலில் வெயில் படும் பலகையில் எத்தனை நாளாகக் கிடந்ததோ, கைக்கே சூடாக இருந்தது. 37 டிகிரியில் ஒடுங்கிவிடும் உயிரை அப்படி வைத்தால் பூசுவது வெறும் கரித்தூள்தான். பூஞ்சாணக்கொல்லியோடு கலந்து பூசினாலும் அதே கதி. அப்புறம், நன்றாக இருக்கும் பொட்டலமே ஆனாலும், அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ரைசோபியம் வகைகளோடு அது போட்டி போட வேண்டும். உள்ளூர் வகைகள் அந்த மண்ணின் சூட்டுக்கும் உப்புக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. முடிச்சுக்குள் அவையே முதலில் நுழைவது சகஜம். அதனால் மாறிவரும் காலநிலைக்கான வகைகளை நம் மானாவாரி நிலங்களிலும் உவர்ப்பட்ட கடலோர வயல்களிலும் தேடிப் பிரித்தெடுப்பது நல்ல முதலீடு என்று நினைக்கிறேன். எங்கிருந்தோ வந்த ஒரே வகையை எல்லா ஊருக்கும் கொடுப்பதைவிட அது பயன் தரும்.

அதைவிட அடிப்படையானது, இருப்பவை பிழைத்திருக்க இடம் கொடுப்பது. மேலே மூடாக்கும் உள்ளே மக்கும் இருந்தால் மண்ணின் சூடு தணியும், ஈரம் நிற்கும். ஆண்டில் முடிந்தவரை அதிக நாள் ஏதாவது ஒரு வேர் மண்ணில் உயிரோடு இருந்தால் உட்பூசணம் பட்டினி கிடக்காது. அது உயிருள்ள வேரை விட்டால் சாப்பிட வழியில்லாத பூஞ்சை. மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி பூஞ்சைக்குக் கூலி கொடுப்பதையே குறைத்துவிடும், ஏனென்றால் தேவையில்லாத வேலைக்காரருக்கு அது சம்பளம் போடாது. டெல்டாவில் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது வடிகால். ஒரு நாள் தேங்குவதற்கும் மூன்று நாள் தேங்குவதற்கும் உள்ள வித்தியாசம், முடிச்சின் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம். வயலுக்கு உள்ளே வாய்க்கால் பறிப்பது உழவர் கையில் இருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய வடிகால் ஆறு தூர்ந்து கிடந்தால் அவர் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

அந்த வயலுக்குப் பத்து நாள் கழித்து மறுபடி போனேன். நிலத்துக்காரர் வரப்போரம் மண்வெட்டியால் வாய்க்கால் பறித்து மிச்சத் தண்ணீரையும் வெளியேற்றியிருந்தார். பூக்கும் தருவாயில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரத்தின் 2 சதவீதக் கரைசலை இலைவழியாகத் தெளித்திருந்தார். வேர் கொடுக்காததை இலைக்குக் கொடுக்கிற வழி அது. மூன்று செடிகளைப் பெயர்த்து அலசினோம். அடிவேரில் பழைய முடிச்சுகள் சக்கையாகத் தொங்கின. ஒரு செடியில் மட்டும், மண்ணின் மேல்மட்டத்தை ஒட்டி வெள்ளையாகப் புது வேர்கள் கிளைத்திருந்தன. அவற்றில் கேழ்வரகு அளவுக்கு நான்கைந்து முடிச்சுகள். ஒன்றைக் கீறினார். வெளிறிய சிவப்பு. "பூத்துடுச்சே, இனிமே இது புடிச்சு எப்பக் கொடுக்கப்போவுது" என்று கேட்டபடியே அந்தச் செடியை வரப்பில் வைத்துவிட்டு, மடை பக்கம் இன்னும் தேங்கியிருந்த தண்ணீரைத் தள்ளிவிடப் போனார்.